புதன்கிழமை இழுப்பு

எங்கள் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தால் நேராக வீட்டுக்குள் நுழைய மாட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருக்கிறது. அதனடியில் நின்று சட்டையைக் கழற்றி வாளியில் போட்டு, தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நான் நீட்டுகிற துண்டைக் கட்டிக்கொண்டுதான் படியேறுவார். மழை கொட்டினாலும் இதே கதைதான். நம் ஊரில் ஒரு மனிதன் இப்படி வாசலில் குளித்துவிட்டு உள்ளே போனால், எந்த வீட்டுச் சாவுக்குப் போய்வந்தான் என்று தெருவே கேட்கும். இங்கே பக்கத்து வீட்டு ஆய்சா மாக்சிக்குக்கும் யாரோ தமிழர்கள் இந்த வழக்கத்தைச் சொல்லியிருக்க வேண்டும். மாக்சிக் என்றால் மலாயில் பெரியம்மா முறை. ஒரு நாள் அவர் வேலியோரம் வந்து, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். என் மலாய் அப்போது கடையில் வெங்காயம் வாங்குகிற அளவுதான். நெல் தூசி, குழந்தை, மூச்சு என்ற மூன்றையும் ஒரு வாக்கியத்தில் கோக்கத் தெரியாமல் ‘அடா, அடா’ என்று தலையாட்டிவிட்டேன். ஆமாம், இருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் அவர் ஒரு பாத்திரம் நிறையக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ வேண்டிக்கொண்டார். சாகாத ஆளுக்காக வந்த அந்தக் கஞ்சியை நாங்கள் மூவரும் குடித்தோம். குடிக்கும்போது சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் பயம் வந்தது. ஏனென்றால் அந்த நாட்களில் சாவை நினைக்காமல் நான் ஒரு வேளை சோறு தின்றதில்லை.

நான் ராசிபுரத்துக்காரி. பெயர் வசந்தி. கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் சேகர், கோலசிலாங்கூர் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். அவருடைய அப்பா காலத்தில் லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டு எல்லோரும் இந்தத் தாமானுக்கு, அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்புக்கு வந்துவிட்டார்கள். சேகர் லோரி ஓட்டுகிறார். அறுப்புக் காலத்தில் செகிஞ்சானிலிருந்தும் சுங்கை பஞ்சாங்கிலிருந்தும் நெல் ஏற்றுவார். மற்ற மாதங்களில் தவிடும் உமியும். ஏற்றுவது எதுவானாலும் அவருடைய புருவத்திலும் காது மடலிலும் மஞ்சளாக ஒரு பூச்சு படிந்திருக்கும். எங்கள் மகள் தாரணிக்கு நான்கு வயது. அவளுக்கு மூச்சு இழுக்கும். இந்தக் கட்டுரை அவளுடைய மூச்சைப் பற்றியது. என்னைப் போலக் கடல் கடந்து வந்து, கையில் இழுப்பு மருந்துப் பம்பையும் மனதில் ஊர்ப் பேச்சையும் வைத்துக்கொண்டு தவிக்கிற தாய்மார் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

முதல் முறை வந்தபோது அவளுக்கு மூன்று வயது. சளி, இருமல், கொஞ்சம் காய்ச்சல். எல்லாக் குழந்தைக்கும் வருவதுதானே என்று இருந்தேன். மதியம் சோறு ஊட்ட உட்கார்ந்தால் வாயைத் திறக்கவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. கழுத்துக் குழியில் ஒரு பள்ளம் விழுந்து எழுந்தது. நெஞ்சுக்குள் யாரோ மெல்லிய விசில் ஊதுகிற சத்தம். அவள் அழவில்லை. அழுவதற்கு அவளிடம் காற்று இல்லை. அவருக்குப் போன் செய்தால், “பயப்படாத, கிளினிக்குக்குக் கொண்டு போ. கேஸ் வைப்பாங்க லா, சரியாப் போயிரும்,” என்றார். எனக்குத் தெரிந்த கேஸ் அடுப்படியில் இருக்கிற சிலிண்டர் ஒன்றுதான். மூச்சுவிட முடியாத குழந்தைக்குக் கேஸ் வைப்பதா என்று போனிலேயே கத்தினேன். மருந்தைப் புகைபோல ஆக்கி முகமூடி வழியாக விடுவதைத்தான் இந்த ஊரில் அப்படிச் சொல்கிறார்கள் என்று கிளினிக்குக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அரை மணி நேரத்தில் அவள் முகத்தில் நிறம் திரும்பியது. பிஸ்கட் கேட்டாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தை அழ வேண்டியதையும் சேர்த்து அழுதேன்.

இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று வந்தபின் அரசாங்கக் கிளினிக் டாக்டர் எங்களுக்கு இரண்டு பம்பு கொடுத்தார். சின்ன வயது மலாய்ப் பெண். தலைத்துணியில் குட்டிக் குட்டி மாம்பழம் அச்சிட்டிருக்கும். நீலப் பம்பு இழுக்கும்போது மட்டும். ஆரஞ்சுப் பம்பு காலையும் மாலையும், இழுத்தாலும் இழுக்காவிட்டாலும். பம்பை ஒரு பிளாஸ்டிக் குழலில் செருகி, குழலின் மறுமுனையில் உள்ள முகமூடியைக் குழந்தையின் மூக்கு வாயோடு பொருத்தி, ஓர் அழுத்து அழுத்தி, பத்து மூச்சு எண்ண வேண்டும். பிறகு வாயைக் கொப்பளிக்க வைத்து முகத்தைத் துடைக்க வேண்டும். இதையெல்லாம் அவர் ஒரு பொம்மைக் கரடிக்குச் செய்து காட்டினார். தாரணி கைதட்டினாள். ஆரஞ்சுப் பம்பில் என்ன மருந்து என்று கேட்டேன். டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்: “ஸ்டீராய்ட்.”

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்கு ராசிபுரத்தில் எங்கள் தெருமுனை ஜோதி நினைவுக்கு வந்தாள். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர் சீட்டு கிடையாது. ‘அந்த மாத்திரை’ என்று கேட்டால் கொடுப்பார்கள். வலி மாயமாக மறைந்தது. அவளும் இரண்டு வருடம் விடாமல் விழுங்கினாள். முகம் பூரிபோல் உப்பி, கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டு, கையைத் தொட்டால் தோல் கன்றிப்போய், கடைசியில் ஆஸ்பத்திரியில் அது ஸ்டீராய்டு என்றார்கள். அன்றிலிருந்து எங்கள் தெருவில் அது விஷத்துக்கு இன்னொரு பெயர். மாம்பழத் துணி டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டவர்போல, இது மாத்திரை அல்ல, அளவு மிகச் சிறியது, நேராக நுரையீரலுக்குப் போவது, வளர்த்தி கொஞ்சம் மெதுவாகலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் உயரம் பார்ப்போம் என்றெல்லாம் மெதுவாக விளக்கினார். அவர் சொன்னதில் ‘வளர்த்தி மெதுவாகலாம்’ மட்டும்தான் என் காதில் தங்கியது. பேய்க்குப் பயந்தவளுக்கு இருட்டெல்லாம் பேய்தானே.

அப்புறம் அவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். உங்கள் வீட்டில், அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா? ‘தாக் அடா.’ இல்லை. வீட்டில் பூனை உண்டா? இல்லை. வீட்டில் யாராவது புகைக்கிறார்களா? அதற்கும் ‘தாக் அடா’ என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. சேகர் சிகரெட்டை விட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. மூன்று கேள்விக்கும் மனமறிந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே அக்காவிடம் சொன்னேன். ராசிபுரத்தில் எனக்கு இருப்பது அக்கா ஒருத்திதான். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா போனபிறகு எனக்கு எல்லாவற்றுக்கும் கடைசிப் பேச்சு அவளுடையதுதான். “பம்பா? பொம்பளப் புள்ளைக்கா? வசந்தி, நான் சொல்றதக் கேளு. பம்பு வெச்சீன்னா அப்பறம் அது இல்லாம மூச்சே வராது. ஆயுசுக்கும் விடாது. நாளைக்கு ஒரு எடத்துல பொண்ணு கேட்டு வந்தா என்னன்னு சொல்லுவ?” என்றாள். நான்கு வயதுப் பிள்ளையின் கல்யாணத்தைப் பற்றி என்ன பேச்சு என்று இங்குள்ள பெண்கள் சிரிப்பார்கள். நம் பக்கத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பால்காரரிடம் விசாரிப்பார்கள், பள்ளிக்கூட ஆயாவிடம் விசாரிப்பார்கள். எங்கள் தெருவில் ஒருத்தி கண்ணாடியைக் கழற்றி ஒளித்துவிட்டுக் காப்பி கொண்டுபோய், டம்ளர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மாப்பிள்ளையின் அப்பா மடியில் ஊற்றினாள். கண்ணாடிக்கே அந்தப் பாடு என்றால் இழுப்பு நோய்க்கு என்ன சொல்ல? அதனால்தான் தாரணியை மலாய்ப் பாலர் பள்ளியில் சேர்த்தபோது ‘நோய் ஏதேனும்’ என்ற கட்டத்தில் கோடு போட்டு, ‘இல்லை’ என்று எழுதினேன். சேகருக்குத் தெரியாது. இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டி வந்து, எங்கள் ஊர்ப் பெயரே கேள்விப்படாத ஒரு மலாய் ஆசிரியையிடம், எங்கள் ஊர்ச் சம்பந்திகளுக்குப் பயந்து ஒளித்தேன். இப்போது எழுதும்போது கிறுக்குத்தனமாக இருக்கிறது. அப்போது அதைத்தான் பொறுப்பான தாய் செய்வாள் என்று நம்பினேன்.

நீலப் பம்பை இழுக்கும்போது கொடுத்தேன். ஆரஞ்சுப் பம்பைப் பூசை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பின்னால் வைத்துவிட்டு, மிகவும் பயந்த நாட்களில் மட்டும் ஓர் அழுத்து. காய்ச்சல் இல்லாதபோது காய்ச்சல் மாத்திரை யார் கொடுப்பார்கள் என்பது என் கணக்கு. சேகர் கேட்டால் “கொடுத்துட்டேங்க” என்பேன். இரண்டு மாதம் கழித்து டாக்டரிடம் போனபோது அவர் பம்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதன் முதுகில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. மீதி எத்தனை அழுத்து என்ற எண் அதில் தெரியும். அந்த எண் கிட்டத்தட்டப் புதிதாகவே இருந்தது. டாக்டர் திட்டவில்லை. எண்ணை எனக்குக் காட்டிவிட்டுச் சும்மா என் முகத்தைப் பார்த்தார். சேகரும் அன்று கூட வந்திருந்தார். வெளியே வந்து வண்டியில் ஏறியதும், “ஏன் என்கிட்ட பொய் சொன்ன?” என்று கேட்டார். “உங்களுக்கென்ன, நீங்கதானே லோரியோட தூசியைக் கொண்டு வந்து புள்ள மேல கொட்றீங்க,” என்று எரிந்து விழுந்தேன். அவர் வண்டியை எடுத்தார். மறுநாளிலிருந்து குழாயடிக் குளியல் தொடங்கியது.

உண்மையில் நான் அதைச் சும்மா சொல்லவில்லை. கணக்கு வைத்திருந்தேன். இழுப்பு பெரும்பாலும் புதன்கிழமை வரும். செவ்வாய்க்கிழமை அவர் சுங்கை பஞ்சாங் போய்வருகிற நாள். புதனை விட்டால் சனிக்கிழமை வரும். சனி அவர் வீட்டில் இருக்கிற நாள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்த நல்ல மனிதர் சட்டையை வெளியே கழற்றினார், செருப்பை வெளியே விட்டார், சனிக்கிழமைகளில் மகளைத் தூக்காமல் ஒதுங்கி உட்கார்ந்தார். “அப்பா கெட்ட தூசியா?” என்று அவள் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றார். அதிலிருந்து நான் ஆரஞ்சுப் பம்பையும் காலை மாலை ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கினேன். அந்த எண் என்னைக் காட்டிக்கொடுத்த அவமானம் போகவில்லை. ஒவ்வொரு அழுத்துக்கும் முருகா, முருகா என்பேன். ஒவ்வொரு வாரமும் கதவு நிலையில் நிறுத்தி அவள் உயரத்தைப் பென்சிலால் குறிப்பேன். இழுப்பு முன்னைவிடக் குறைந்தது, ஆனால் புதன்கிழமைகள் முழுதாக விடவில்லை. அடுத்த முறை போனபோது டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். மறுபடியும் அதே கேள்விகள். புகை? இல்லை. கொசுவர்த்தி? இல்லை. பக்கத்தில் யாராவது குப்பை எரிப்பார்களா? இல்லை. கரடியை எடுத்து என்னைச் செய்துகாட்டச் சொன்னார். சரியாகத்தான் செய்தேன். கடைசியில் மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும் என்றார்.

அந்த மாதம் நான் பட்ட பயத்தை எழுத்தில் வைக்க முடியாது. கொடுத்தால் ஜோதியின் முகம், கொடுக்காவிட்டால் அந்தக் கழுத்துக் குழி. காலையில் தாரணியை எழுப்பும்போது முதலில் கன்னத்தைப் பார்ப்பேன், உப்பியிருக்கிறதா என்று. பிறகு விலாவைப் பார்ப்பேன், உள்ளே போகிறதா என்று. சிரித்தாலும் பயம், ஓடினாலும் பயம். ஓடினால் இருமல் வரும். அக்காவிடம் அழுதேன். அக்காவும் போனில் சேர்ந்து அழுதாள். “மருந்த நம்பாத. அம்மா நமக்குச் செஞ்ச மாதிரி செய்யி. தலையில நீர் எறங்கவே கூடாது,” என்றாள்.

அது ஒரு புதன்கிழமை காலை. பத்து மணி இருக்கும். பாலர் பள்ளி ஆசிரியை ரொஹானா போன் செய்தார். சிக்கு ரொஹானா என்போம், சிக்கு என்றால் டீச்சர். அவர் வேகமாகப் பேசியதில் எனக்குப் புரிந்தது ‘நபாஸ்’ என்ற ஒரு சொல்தான். மூச்சு. வேலியருகே நின்று ஆய்சா மாக்சிக்கைக் கூப்பிட்டேன். அவருடைய கணவர் லுங்கியோடு வண்டியை எடுத்தார். பள்ளியில் தாரணி ரொஹானாவின் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு சாம்பல் நிறம். என்னைப் பார்த்தாள், கூப்பிடவில்லை. அவளுடைய பையில் பம்பு இல்லை. நான்தான் வைக்கவில்லையே. நோய் இல்லாத குழந்தையின் பையில் பம்பு எப்படி இருக்கும்? நான் நீலப் பம்பையும் குழலையும் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்திருந்தேன். பதற்றத்தில் பம்பைக் குழலில் செருகவே முடியவில்லை. ரொஹானா என் கையிலிருந்து வாங்கி, அவரே செருகி, குழந்தையின் முகத்தில் பொருத்தினார். மறுகையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, எங்களோடு அவரும் வண்டியில் ஏறினார். கிளினிக் போய்ச் சேரும் அந்தப் பத்து நிமிடத்தில் நான் வேண்டாத தெய்வம் இல்லை. நடுவில் ஒரு சிக்னலில் விசில் சத்தம் நின்றது. குணமாகிவிட்டது என்று நினைத்தேன். ரொஹானாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது. காற்று போய்வந்தால்தான் விசில் கேட்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

பிழைத்துவிட்டாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கேஸ் மூன்று முறை வைத்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள், மதியத்துக்குள் பிஸ்கட் கேட்டாள். அதுவரை எங்களோடு உட்கார்ந்திருந்த ரொஹானா, டாக்டர் வந்து விவரம் கேட்டபோது தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். வருகைப் பதிவின்படி தாரணி புதன்கிழமைகளில்தான் அதிகம் வராமல் இருக்கிறாள், வந்தாலும் இருமுகிறாள். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் அவள் தலையில் கெமெஞான் வாசனை வரும். கேட்கலாமா என்று பலமுறை நினைத்தேன், ஆனால் அது உங்கள் குடும்ப விஷயம் என்று விட்டுவிட்டேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டருக்குப் புரிந்தது. என் பக்கம் திரும்பி, எளிய மலாயில், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: “குழந்தைக்கு வைத்தியம் பார்க்க போமோவிடம் போகிறீர்களா?” போமோ என்றால் மந்திரவாதி. இங்கே மலாய்க்காரர்களுக்குக் கெமெஞான் வாசனை என்றால் அவர்கள் நினைவுதான் வருமாம். கெமெஞான் என்றால் என்ன என்று கையால் கேட்டேன். ரொஹானா உள்ளங்கையைக் குவித்து, தணலில் எதையோ தூவுவதுபோலக் காட்டி, எழும் புகையை விரல்களால் தலைமுடிக்குள் கோதிக் காட்டினார்.

சாம்பிராணி.

செவ்வாயும் வெள்ளியும் பெண் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றுவது நம் வழக்கம். ஊற்றியபின் ஈரத்தலை சளி பிடிக்கும் என்று, தணலில் சாம்பிராணி போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்து, முடியை அதன்மேல் விரித்துப் போட்டுப் புகை காட்டுவோம். விடியற்காலையிலேயே எழுந்து செய்வேன், பள்ளிக்கு நேரமாகிவிடும் என்று. அக்கா நாட்டுச் சாம்பிராணி வாங்கி, ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவாள். இழுப்பு அதிகமானபோது நான் சாம்பிராணியையும் அதிகமாக்கினேன். கதவைச் சாத்திக்கொண்டு, புகை வெளியே போய்விடக் கூடாது என்று. வாரத்துக்கு இரண்டு முறை, என் மடியில் போட்டு, என் கையால். வீட்டில் புகை உண்டா என்று டாக்டர் எத்தனை முறை கேட்டார்! சாமிக்குக் காட்டுவதையும் பிள்ளைக்குக் காட்டுவதையும் புகை என்று யார் நினைப்பார்கள்? அது மருந்து. அது மங்கலம். இந்த வீட்டில் புகை என்றால் அவர் விட்டுவிட்ட சிகரெட் மட்டும்தான். சேகருக்கும் தோன்றவில்லை. அவரும் அந்தக் கூடையின்மேல் தலை வைத்து வளர்ந்தவர்தான்.

சேகர் சாயங்காலம் நெல் தூசியோடு ஓடிவந்தார், அன்று மட்டும் குளிக்காமல். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாலர் பள்ளித் தாளில் கோடு போட்டதையும் சொன்னேன். திட்டுவார், அடித்தாலும் பரவாயில்லை என்று இருந்தேன். அவரோ, “அப்ப சனிக்கிழமை நான் புள்ளையத் தூக்கலாமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் தின்றுவிட்டது. டாக்டரிடம் போய் அவரே கேட்டார். தூக்கலாம், ஆனால் நெல் தூசியும் நல்லதில்லை, குளியலை விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். ஆக அவருடைய குழாயடி அப்படியே இருக்கிறது. மாக்சிக்கிடம் மட்டும் இப்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். என் மலாய் அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது.

சாம்பிராணியை நிறுத்தியதும் ஆரஞ்சுப் பம்பையும் நிறுத்திவிடலாம் என்றுதான் என் மனம் துடித்தது. டாக்டர் கூடாது என்று தலையாட்டினார். புகை ஒரு காரணம். சளி பிடிக்கும்போதும் வரும், காட்டுத்தீப் புகைமூட்டத்திலும் வரும். சில மாதம் நன்றாக இருந்தால் அளவைக் கூட்டாமல் குறைத்துப் பார்ப்போம் என்றார். கொடுக்கிறேன். அவள் பள்ளிப் பையில் இப்போது ஒரு நீலப் பம்பு இருக்கிறது, பள்ளித் தாளில் மலாயில் ‘ஆஸ்மா’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. கதவு நிலையில் பென்சில் கோடுகள் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. புதன்கிழமைகள் மற்ற கிழமைகளைப் போல வந்து போகின்றன. ஆனாலும் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். செவ்வாய்க்கிழமை தலைக்கு ஊற்றிவிட்டு மின்விசிறிக்குக் கீழே அவள் முடியை உலர்த்தும்போது, நம் ஊர் என் பின்னால் நின்று, ஈரத்தலையோடு விடுகிறாயே பாவி என்று சொல்வது எனக்குக் கேட்கும். ஒரு பயத்தை இறக்கி வைத்தால் இன்னொன்று இடுப்பில் ஏறிக்கொள்கிறது. இரண்டு நாட்டுப் பயத்தையும் சேர்த்துச் சுமக்கிறேன்.

அக்காவுக்கு இதையெல்லாம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் அனுப்பிய சாம்பிராணி என்று எப்படிச் சொல்வது? போன ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீடியோவில் வந்தபோது தாரணி பம்பு போட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறை நான் போனைத் திருப்பவில்லை. அக்கா முகமூடியைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். போனை வைத்துவிட்டாள். பத்து நிமிடம் கழித்துக் குரல் மட்டும் வந்தது.

“வசந்தி, பக்கத்துல மாப்பிள்ள இருக்காரா?”

“இல்லக்கா. லோரி கழுவப் போயிருக்காரு.”

“அந்தப் பம்பு... பெரியவங்களுக்கும் குடுப்பாங்களா?”

“யாருக்குக்கா?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். பிறகு சொன்னாள். அவளுக்கே பத்து வயதிலிருந்து இழுப்பு இருக்கிறதாம். சின்னவளுக்குத் தெரிந்தால் தெருவில் உளறிவிடுவாள் என்று என்னிடமும் மறைக்கச் சொல்லி அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார். கல்யாணமாகி இருபது வருடத்தில் அத்தானுக்கும் தெரியாது. இழுப்பு வந்தால் துணி காயப்போடப் போகிறேன் என்று மொட்டை மாடிக்கு ஏறிவிடுவாளாம். “இப்பவும் மாடியிலதான்டி நிக்கிறேன்,” என்றாள். அவள் எப்போதும் மாடியிலிருந்துதான் எனக்குப் பேசுவாள். பேச்சுக்கு நடுவே கேட்கிற சத்தத்தை இத்தனை வருடமும் நான் ராசிபுரத்துக் காற்று என்று நினைத்திருக்கிறேன்.

உடனே டாக்டரிடம் போ, இன்றைக்கே போ, நான் அத்தானிடம் பேசுகிறேன் என்றேன். “ஐயோ, பேசிக்கீசித் தொலைக்காத. பாக்கறேன்,” என்றாள். எங்கள் வீட்டில் ‘பாக்கறேன்’ என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். போனை வைக்காதே, கொஞ்ச நேரம் இரு என்று கெஞ்சினேன். அவள் இருந்தாள். தாரணி முகம் துடைத்துக்கொண்டு வந்து, யார் பெரியம்மாவா என்று கேட்டபடி என் மடியில் முதுகு காட்டி உட்கார்ந்தாள். வலது காதில் போனை அழுத்திக்கொண்டு, இடது காதைக் குனிந்து குழந்தையின் முதுகில் வைத்தேன். முதுகில் மூச்சு விசில் இல்லாமல் போய்வந்தது. போனில் விசில் கேட்டுக்கொண்டே இருந்தது.